கவுன்சிலர் டெல்லிக்குப் போகட்டும், ஒன்றைக் கேட்டு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதிக் கவுன்சிலர் நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சீட்டுக் கேட்கிறார் என்ற பேச்சு வந்ததும், "குழாயில தண்ணி வரலைன்னா ஓடி வாரவருக்கு டெல்லியில என்ன சோலி?" என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வி சம்மதமில்லை. ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். நேரு அலகாபாத்திலும் படேல் அகமதாபாத்திலும் அதே நாற்காலியில் இருந்து குடிநீரும் சாக்கடையும் பார்த்தவர்கள். வார்டு வேலை தெரிந்தவர் தாராளமாகப் போகட்டும்.

ஆனால் போகிறவர் எதைப் பேசப் போகிறார்? நம் நெல்லை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். வழக்கு, வார்டு மறுவரையறை என்று காரணங்கள் சொன்னார்கள். ஐந்து வருஷத்துக்கும் மேலாக 55 வார்டுக்கும் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சிதான். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்கு நம் ஊரைத் தேர்ந்தெடுத்தது 2017-ல், அதாவது இந்த இடைவெளியில். ஜங்ஷன் பேருந்து நிலையத்தை இடித்துப் போட்டு, சனங்கள் வருஷக்கணக்காக அலைந்தபோது, மன்றத்தில் எழுந்து "ஏன் இன்னும் முடியவில்லை?" என்று கேட்க நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் ஒருவரும் இல்லை. மாவட்டத்தின் ஊராட்சிகளுக்கும் 2021 அக்டோபரில்தான் தேர்தல் வந்தது.

இதைத் தடுக்கத்தானே நகர உள்ளாட்சிகளுக்கென்று அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் வந்தது? பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. மீறினால் என்ன என்பதுதான் இல்லை. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று, உள்ளாட்சிகளுக்கு வர வேண்டிய நிதிக்குழு மானியத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. தேர்தல் நடத்தாதது மாநில அரசு, தண்டனை ஊருக்கு! இந்த ஓட்டையை அடைக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. கவுன்சிலர் இல்லாத ஊர் எப்படித் தவிக்கும் என்பதை அங்கே சொல்ல, கவுன்சிலராக இருந்தவரைவிடப் பொருத்தமானவர் யார்?

எம்.பி. ஆனால் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் வரும். ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் பகிர்ந்தால் நிழற்குடையும் ஹைமாஸ்ட் விளக்குமாகவே அது கரைந்துவிடும். அதை மட்டும் சாதனையாகக் காட்டினால் போதாது. ஆலங்குளம் பக்கத்துப் பீடித் தொழிலாளர்களும் உவரிக் கடற்கரை மீனவர்களும் அவரை நம்பித்தான் ஓட்டுப் போடுவார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்று, அவர் வென்றால் எங்கள் வார்டு காலியாகும். அதற்கு இடைத்தேர்தலை இழுத்தடிக்காமல் நடத்தச் சொல்லி அவர் கட்சியே முதலில் குரல் கொடுக்க வேண்டும். சீட்டுக் கிடைத்து அண்ணாச்சி எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது, இந்த இரண்டுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு நோட்டீஸை நீட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை