கரப்பானும் காய்கறியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கரப்பான் (எக்சிமா என்னும் தோல் அரிப்பு நோய்) என்றாலே கத்தரிக்காயை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் கையில் கரப்பான் உள்ளவர்களுக்குப் பல நேரம் தொந்தரவு காய் நறுக்கும்போதே தொடங்கிவிடும். பூண்டு உரிப்பவரின் விரல்நுனி தடித்து வெடிப்பதற்கு அதிலுள்ள டைஅல்லைல் டைசல்பைடு என்னும் வேதிப்பொருள் முக்கியக் காரணம். அது ரப்பர் கையுறையையும் ஊடுருவும். பல்லைக் கத்தியின் பக்கவாட்டால் நசுக்கினால் தோல் தானே கழன்றுவிடும், விரல் படவேண்டியதில்லை. சேனையில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். வெடித்த தோலுக்குச் சொல்லவா வேண்டும்! உள்ளே பருத்தி உறை, மேலே வினைல் உறை போட்டு நறுக்கலாம். வியர்வையும் அரிப்பைக் கிளப்பும் என்பதால் 20 நிமிடத்துக்குமேல் வேண்டாம்.

தக்காளி ரசம் பட்டுக் குழந்தையின் வாயோரம் மட்டும் சிவந்தால், பெரும்பாலும் புளிப்பின் எரிச்சல்தான். ஊட்டுமுன் வாயைச் சுற்றி வாசலின் தடவுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ உடனே மருத்துவமனை. மருத்துவரைக் கேட்காமல் பத்தியம் என்று காய்களை ஒவ்வொன்றாக நிறுத்தாதீர்கள். வளரும் பிள்ளைக்குச் சத்துதான் குறையும்.

- ஒரு வாசகர், திருச்சி