வெட்டாத படம்

மல்லாவி,
கார்த்திகை.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுறன். இஞ்ச எல்லாரும் சுகம். விதைப்பு முடிஞ்சுது, மழையும் குறையில்லை. மற்றப் புதினங்களைப் பிறகு எழுதுறன். இணையத்தில படம் பிரிண்ட் போட எந்தக் கொம்பனி நல்லமெண்டு கேட்டனி, அதுக்கு வாறன்.

பேரை வைச்சு முடிவெடாத. என்ன கடதாசியில அடிக்கினம் எண்டதைப் பார். அவையின்ர பக்கத்தில 'சில்வர் ஹேலைட்' எண்டோ, புஜி கிறிஸ்டல் ஆர்க்கைவ், கொடாக் என்டூரா எண்ட கடதாசிப் பேரோ கிடந்தால், அது ஸ்ரூடியோவில கழுவுற அதே முறை. வெளிச்சம் பட்டு, மருந்தில கழுவுப்பட்டு வரும். கடதாசியின்ர பேரைச் சொல்லாமல் 'உயர்தரம்' எண்டு மட்டும் எழுதியிருந்தால் விட்டிடு. குளொசி வேண்டாம். இஞ்சத்தைய மாரி ஈரத்துக்குப் பிரேம் கண்ணாடியோட ஒட்டிப்போடும், இழுத்தால் முகத்தோட உரிஞ்சு வரும். லஸ்டர் எண்டு கேள். சின்னச் சொரசொரப்பு இருக்கும், விரல் அடையாளமும் தெரியாது.

முதல்ல ரெண்டு மூண்டு இடத்தில ஒரே 6 படத்தை 4க்கு 6 அங்குல அளவில எடுப்பிச்சுப் பார். கொம்மாவின்ர முகம், வெள்ளை வேட்டி, பச்சை வயல், இரவில எடுத்தது ஒண்டு, இவ்வளவும் அதில இருக்கவேணும். ஓடர் போடேக்க 'ஓட்டோ கரெக்ஷன்' எண்ட பெட்டியில சரி போட்டிருந்தால் அதை எடுத்துவிடு. அது எங்கட நிறத்தைக் கண்டால் படம் இருண்டு போச்செண்டு நினைச்சு வெளுக்கப் பண்ணும். கொம்மா மாப்பானைக்குள்ள விழுந்தெழும்பினவ மாதிரி வருவா. வந்த பிரிண்டை யன்னலடியில, பகல் வெளிச்சத்தில பார். வேட்டியில நீலம் அடிக்குதோ, தலைமயிர் ஒரே கறுப்புக் கட்டியா வந்திருக்கோ எண்டு பார். திரையில தெரியிறதைவிடப் பிரிண்ட் இருட்டித்தான் வரும். அனுப்ப முதல் போன் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைச்சுப் பார்.

விலையில ஏமாறாத. 4க்கு 6 மலிவெண்டு காட்டித் தபாற்செலவில பிடிப்பினம். எல்லாத்தையும் கூட்டி, எத்தினை படமோ அதால பிரி. படத்தை அவையளிட்டயே வைச்சிருக்கலாம் எண்டும் நம்பாத. கொடாக்கின்ர இணையக் கலரியே 2012இல பூட்டுப்பட்டு, படங்கள் ஷட்டர்ஃபிளைக்குக் கைமாறினது. மூலப்படம் உன்னட்ட ரெண்டு இடத்தில கிடக்கவேணும்.

முக்கியமானது வெட்டு. போன் எடுக்கிறது 4க்கு 3 கணக்கில, 4032க்கு 3024 பிக்சல். 4க்கு 6 கடதாசி 3க்கு 2 கணக்கு. 6 அங்குலத்துக்கு முழுப்படமும் வர நாலரை அங்குலம் வேணும், கடதாசியில நாலுதான் இருக்கு. அந்த அரை அங்குலத்தை மெஷின் கேளாமல் வெட்டும். படுக்கையா எடுத்ததில தலை போகும், நிமித்தி எடுத்ததில ஓரத்தில நிக்கிற ஆள் போகும். 6க்கு 8 எடு. அதுவும் 4க்கு 3 கணக்குத்தான், ஒருத்தரும் வெட்டுப்படாயினம். விளிம்பில ரெண்டு மூண்டு மில்லிமீற்றர் எப்பிடியும் போகும், அது பறவாயில்லை.

நீ வட்ஸ்அப்பில அனுப்பின மூண்டு படத்தின்ர அளவையும் பாத்தன். சும்மா அனுப்பினால் வட்ஸ்அப் நீளத்தை 1600 பிக்சல் அளவுக்குக் குறைக்கும், அது தெரிஞ்சதுதான். 4க்கு 6க்குக் காணும். 8க்கு 12 அடிச்சால் அங்குலத்துக்கு 133 பிக்சல், கண்ணிமை கரைஞ்சுபோகும். 300க்குக் கிட்ட வேணும். அது கிடக்கட்டும். 1600க்கு 1200 எல்லோ வரவேணும்? உன்ர படங்கள் 1600க்கு 595, 610, 580. ஒரு போனும் அவ்வளவு ஒடுக்கமா எடுக்காது. மூண்டிலும் வலக்கைப் பக்கம்தான் போயிருக்கு. தீபாவளிப் படத்தில உன்ர தோளில நாலு விரல் நுனி கிடக்கு.

நான் ஒண்டும் கேக்கேல்லை. பிரிண்டுக்கு வெட்டாத படம் வேணும், அவ்வளவுதான். சின்னனிலயே ஆக்களை அளவா நிப்பாட்டிப் படம் எடுக்கத் தெரிஞ்சவன் நீ. என்ர மகன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறன். ஆனால் கிழமைக்கு ஒருக்காப் போன் எடுக்க உனக்கு நேரமில்லை.

கொக்காவின்ர சாமத்தியப் படத்தின்ர ஓரம் கறையான் அரிச்சதில்லை, தம்பி. நான்தான் ஸ்ரூடியோக் கட்டரில வைச்சு வெட்டினனான். அதில சித்தப்பா நிண்டவர். வேலிப் பிரச்சினை நடந்த கிழமை அது. பிறகு 2009இல நெகட்டிவ் பெட்டியும் போச்சு, அவரும் போனார். இப்ப அவற்ற முகம் எங்களிட்ட ஒரு துண்டும் இல்லை. கொம்மாவுக்கு இண்டுவரைக்கும் கறையான் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்.

வெட்டாததை அனுப்பு. வட்ஸ்அப்பில 'டொக்கியுமென்ட்' எண்டதுக்குள்ளால அனுப்பினால் குறைக்காது. ஐபோன் எண்டால் படம் ஹெயிக் எண்ட கோப்பு வகையில கிடக்கும், அதை வழமையான ஜேபெக் ஆக்கிப்போட்டுக் கொம்பனிக்கு ஏத்து, எல்லா இடமும் ஹெயிக் எடுக்காது. பிரிண்டை உன்ர வீட்டுக்கு எடுப்பிச்சுச் சரி பாத்து, மார்கழியில வாற ஆக்களிட்டக் குடுத்துவிடு. சுருட்டாத. ரெண்டு மட்டைக்கு நடுவில தட்டையா வைச்சு, கைப்பையில கொண்டுவரச் சொல்லு. பெட்டிக்குள்ள சொக்லேட்டோடயும் சென்ற் போத்தலோடயும் போட வேண்டாம். இன்னொருக்காச் சொல்லுறன், 6க்கு 8, லஸ்டர், வெட்டாதது.

அவையள் திரும்பிப் போகேக்க தூள் குடுத்துவிடலாம். கொம்மா மிளகாய் காயப்போட்டிருக்கிறா. உனக்கு மட்டுமெண்டால் ஒரு கிலோ காணுமாம். ஒண்டோ ரெண்டோ எண்டு எழுது.

அப்பா