ஆடிட்டுக்கு வருகிறவர்களுக்கு, திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தொழிலாளர்களைக் கம்பெனி ஒழுங்காக நடத்துகிறது என்று சமூகப் பொறுப்புச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களுக்கும், அதைப் பார்த்து ஆர்டர் போடும் பையர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் வரும் நாளில் ஃபைல்களை அடுக்கி வைத்துக் காத்திருந்தவள் நான். ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் பர்சனல் டிபார்ட்மெண்ட் வேலை. கம்பெனி பெயர் எதற்கு, பக்கத்துக் கம்பெனியிலும் இதுதான் நடந்தது.

தேதி சொல்ல மாட்டீர்கள், "இந்த மூன்று வாரத்துக்குள்" என்பீர்கள். மூன்று வாரமும் நாங்கள் தயார். அலமாரியில் கிடந்த இரும்புக் கையுறை கட்டிங் மாஸ்டர் கைக்கு ஏறும். வேகத்துக்குத் தடை என்று கழற்றிப் போட்ட ஊசித் தடுப்பு ஓவர்லாக் மெஷினுக்குத் திரும்பி வரும். அவசர வழியை அடைத்து நின்ற அட்டைப்பெட்டிகள் ராத்திரியோடு ராத்திரியாக குடோனுக்குப் போகும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த நாட்களில் லீவு. எட்டரைக்கு வந்து ராத்திரி எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் போடும் டெய்லர் அக்கா, "அஞ்சரைக்கெல்லாம் போயிருவோம் சார்" என்று உங்களிடம் சொல்வார். அப்படிச் சொல்லப் பழக்கியது நான்தான். உங்களுக்குக் காட்டிய வருகைப் பதிவேடு ஒன்று, சனிக்கிழமை சம்பளம் போட வைத்திருந்தது இன்னொன்று. இரண்டிலும் என் கையெழுத்து.

உங்களால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வந்ததும், குடிக்க நல்ல தண்ணீர் வந்ததும் நீங்கள் கேட்ட பிறகுதான். ஆனால் கண்ணுக்குத் தெரிவதோடு உங்கள் வேலை நின்றுவிடுகிறது.

கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை இருந்தது. 2012 ஆகஸ்டில் அதற்கு எஸ்.ஏ.8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கொடுத்தது இத்தாலியைச் சேர்ந்த ஒரு நிறுவனம். சில வாரம்தான், செப்டம்பர் 11 அன்று அங்கே தீப்பிடித்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஜன்னல்களில் கம்பி, கதவுகளில் பூட்டு. தீ தானாகப் பிடிக்கவில்லை, வேண்டுமென்றே வைத்தார்கள் என்று பின்னால் வழக்கு நடந்து, 2020-ல் இருவருக்கு மரண தண்டனையும் விதித்தார்கள். தீ எப்படி வந்தது என்பது போலீஸ் விஷயம். கதவு ஏன் திறக்கவில்லை என்பது உங்கள் விஷயம். 2013 ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தபோதும் அதே கதைதான். அந்தக் கட்டடத்துக்குள் இருந்த சில கம்பெனிகளுக்கும் ஆடிட் நடந்திருந்தது.

உங்களை வரவழைப்பது பெரும்பாலும் முதலாளி, ஃபீஸ் கட்டுவதும் அவரே. பரீட்சை எழுதுகிறவனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தால் மார்க் எப்படி இருக்கும்? பையர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் நடத்தை விதிகளை அனுப்பிக் கையெழுத்துக் கேட்பார்கள். சாயங்காலம் அதே மெயிலுக்கு, பீஸுக்கு இத்தனை சென்ட் குறைக்கச் சொல்லி வரும். குறைத்த காசு எந்த டேபிளிலிருந்து எடுக்கப்படும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன.

வேறு வழி இருக்கிறது என்று காட்ட வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. திண்டுக்கல் பக்கம் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கொன்றதாகக் கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அதற்குப் பிறகு தலித் பெண்கள் முன்நின்று நடத்தும் தொழிற்சங்கமான டி.டி.சி.யு. விடாமல் போராடியது. 2022-ல் அந்தத் தொழிற்சாலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், பையரான எச் அண்ட் எம் ஆகியவற்றோடு திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் சுவரில் மாட்டும் சான்றிதழ் கிடையாது. லைனில் வேலை செய்த பெண்களில் சிலரே பயிற்சி பெற்றுக் கண்காணிப்பாளர்களாக ஆனார்கள். சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினால் அவர்கள் வழியாகப் புகார் போனது. முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் பையர் வியாபார ரீதியாக நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று சட்டப்படி கட்டிப் போட்டார்கள். வருஷத்துக்கு ஓரிரு தடவை வந்து போகும் உங்களால் பார்க்க முடியாததைப் பக்கத்து மெஷினில் இருப்பவள் தினமும் பார்க்கிறாள்.

ஒன்பது வருஷத்தில் உங்கள் ரிப்போர்ட் ஒன்றுகூட எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படவில்லை. யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்கள் படிக்கும்படி தமிழிலும், இந்திக்காரப் பிள்ளைகளுக்கு இந்தியிலும், ஒரியாவிலும் அதை ஒட்டச் சொல்லுங்கள். பொய் எழுதியிருந்தால் டீ டைமிலேயே தெரிந்துவிடும். சங்கத்து ஆட்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எச்.ஆர். ரூமில் உட்கார்ந்து, நான் பொறுக்கி அனுப்பும் பத்துப் பேரிடம் பேட்டி எடுப்பதை விட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நில்லுங்கள். சம்பளக் கவர் கையில் இருக்கும், கணக்கும் வாயில் இருக்கும். ஐ.டி. கார்டை மட்டும் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பதிவேடு எழுதியவள்,
திருப்பூர்