ஒன்பது குழு வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அழகர்கோயில் சாலைத் தோப்பில் வருஷா வருஷம் புரோகிரெசிவ், சைக்கடெலிக் ராக் (நீளமான, சிக்கலான, கனவு மாதிரி மிதக்கிற பாட்டுகள்) இசை விழா நடத்தப் போவதாக நீ போட்ட அறிவிப்பைப் பார்த்தோம். சந்தோஷம். ஆனால் ஒரே நாளில் ஒன்பது குழு என்று இருக்கிறதே, அதை நாலாக்கிவிடு.

கணக்கை ராத்திரி பத்து மணியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு தரும் விதிவிலக்கை நம்பித் திட்டம் போடாதே, 9.45க்கு முடி. இந்த வகையில் ஒரு பாட்டே இருபது நிமிடம் போகும், ஆகவே குழுவுக்கு 55 நிமிடமாவது வேண்டும். நாலு குழுவுக்கு 220 நிமிடம், நடுவில் ஒரு குழு இறங்கி அடுத்தது ஏற மூன்று மாற்றம், 35 நிமிடம் வீதம் 105. முதல் குழு 4.20க்கு வாசிக்கத் தொடங்கியாக வேண்டும்.

மாற்றத்துக்கு 35 நிமிடமா என்று கேட்பாய். டிரம்ஸுக்கு எட்டு மைக், மூன்று கீபோர்டுக்கு ஆறு லைன் (மிக்ஸருக்குப் போகிற ஒயர்), கிடார், பேஸ், வாய்ப்பாட்டு, புல்லாங்குழல் என்று எண்ணினால் 20 லைனைத் தாண்டிவிடும். சக்கரம் வைத்த டிரம் மேடை இரண்டு வை. ஒன்றில் வாசிக்கும்போதே அடுத்ததில் மைக் மாட்டிவிடலாம். லைன் வரிசை நாலு குழுவுக்கும் ஒன்றேதான்: 1 என்றால் கிக் (காலால் அடிக்கிற பெரிய டிரம்), 2 என்றால் ஸ்நேர் (படபடவென்று ஒலிக்கிற சின்ன டிரம்). புல்லாங்குழல் இல்லாத குழு வந்தால் அந்த லைன் சும்மா கிடக்கட்டும். ‘காலியாகத்தானே இருக்கு’ என்று யாராவது அதில் ஸ்நேரைச் செருகினால், அடுத்த குழுவின் மெல்லிய குழலுக்கு மிக்ஸரில் ஒலியைக் கூட்டுகிற ஃபேடரைத் தூக்கும்போது ஸ்நேர் அலறும்.

ஜெனரேட்டர் இரண்டு: ஒலிக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. ஒன்றிலேயே எல்லாம் போட்டால் விளக்கு டிம்மரின் இரைச்சல் கிடார் ஆம்பில் ஏறும். அசல் ஹம்மண்ட் பி-3 ஆர்கன் இங்கே வருவது அபூர்வம். வந்தால் இன்னும் கவனம். நாதத்தை எழுப்புகிற அதன் சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை (நொடிக்கு எத்தனை அலை என்பதை) பிடித்துக்கொண்டுதான் ஓடும். லோடு ஏறி 50 ஹெர்ட்ஸ் 48 ஆனால் சுருதியும் கூடவே இறங்கும். மற்றவர்கள் வாசிப்பது அபஸ்வரமாகக் கேட்கும். கீபோர்டில் ஹம் (ரீங்காரம்) வந்தால், கீபோர்டை லைனோடு இணைக்கிற டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டு. பிளக்கின் எர்த் பின்னை வெட்டுகிற வித்தை வேண்டவே வேண்டாம், ஷாக் அடிக்கும்.

பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்து மேல்காற்று வெதுவெதுப்பாக நிற்கும். மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து கீழே இறங்கும், தாழ்ந்த பேஸ் ஒலி அடுத்த ஊர் வரை போகும். அதனால் இடி மாதிரி வாசிக்கிற குழுவை ஐந்தரை, ஆறுக்கு ஏற்று. கடைசியாக மிதந்து வாசிக்கிற சைக்கடெலிக் குழு. இருட்டும் அவர்களுக்குத்தான் வேண்டும்.

ஏனென்றால் எண்ணெயும் கலர்த் தண்ணீரும் திரையில் அசைகிற எண்ணெய் வெளிச்சம் அப்போதுதான் எடுபடும். கல்லூரிகள் கழித்துப் போட்ட ஓவர்ஹெட் புரொஜெக்டர் ஒன்று, சுவர்க் கடிகாரத்தின் குழிந்த கண்ணாடி இரண்டு போதும். கீழ்க் கண்ணாடியில் மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் மூன்று கரண்டி, அதில் உணவுக் கலர் கலந்த தண்ணீர் இரண்டு கரண்டி. கலரை எண்ணெயில் போடாதே. கரையாமல் புள்ளி புள்ளியாக நிற்கும். மேல் கண்ணாடியை மிதக்கவிட்டு, தாளத்துக்கு அமுக்கி அமுக்கி விடு. திரையில் நிறங்கள் மூச்சு விடும். பாட்டு ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் வருகிறதா, தகிட தகதிமி என்று அமுக்கு. தவில் கேட்ட ஊர், மிஸ்ர சாபுக்கு யாரும் மிரள மாட்டார்கள். விளக்குச் சூட்டில் நிறங்கள் கலந்து சேறாகும், ஆகவே மூன்று ஜோடி தயாராக வைத்து மாற்றிக்கொண்டே இரு. ஸ்பிரிட் சேர்க்காதே, தீப்பிடிக்கும். மேடையின் முன்விளக்கை அணைக்காவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது.

மாதம் பிப்ரவரி தொடக்கம். ஜனவரியில் ஜல்லிக்கட்டு, சித்திரையில் அழகர். போலீஸுக்கு உன் தோப்பைப் பார்க்க நேரமிருக்காது. மாசி சிவராத்திரிக்கு ஊரே குலதெய்வம் கும்பிடப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை.

வருஷா வருஷம் நடக்க வேண்டுமானால் சிறிதாக இரு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1995-ல் தொடங்கிய ப்ராக்டே, பண்ணைப் புல்வெளியில் சிறிதாகவே பல வருஷம் ஓடிய விழா. அங்கேயே பெயர்பெற்ற இன்னொரு அமெரிக்க புரோகிரெசிவ் விழாவான நியர்ஃபெஸ்ட் 2011-ல் டிக்கெட் போகாமல் ரத்தானது, 2012-ல் கடைசி விழா நடத்தி மூடிக்கொண்டது.

எல்லாக் குழுவிடமும், யார் எங்கே நிற்பார் என்ற மேடைப் படமும் லைன் பட்டியலும் இந்த வாரமே கேள். தராதவர்களை வெட்டப்போகிற ஐந்தில் சேர்த்துவிடு.

அன்புடன்,
மதுரை சவுண்ட்காரர்கள் சிலர்