கேள்வியைத் தமிழில் கேட்க உதவியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சிங்கப்பூரின் அறிவியல் ஆய்வுப் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று நம் மக்களிடம் தமிழில் கேட்க வேண்டும் என்று எங்கள் சிறு தொண்டூழியர் குழு ஆசைப்பட்டது. சமூக மன்றங்களிலும், தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியாவிலும், வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதி ஒன்றிலும் கலந்துரையாடல்கள் நடந்து முடிந்து, அவற்றின் தொகுப்பறிக்கையும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கையெழுத்து எங்கள் குழுவுடையது. உள்ளே இருக்கும் சொற்கள் எல்லாம் உங்களுடையவை. அதனால் இந்த மடலை எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதலில், இதெல்லாம் ஏன் என்று கேட்டவர்களுக்காகச் சில எண்கள். 1991இல் முதல் தேசியத் தொழில்நுட்பத் திட்டத்துக்கு அரசு ஒதுக்கியது 2 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2021இல் தொடங்கிய ஐந்தாண்டு ஆய்வு, புத்தாக்க, தொழில்முனைப்புத் திட்டத்துக்கு 25 பில்லியன் வெள்ளி. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு மேலும் 3 பில்லியன் சேர்ந்தது. 2026 முதல் 2030 வரையிலான திட்டத்துக்கு 37 பில்லியன் வெள்ளி. இதற்குத் திசை காட்டுவது பிரதமர் தலைமையிலான மன்றம். அறிவியலாளர்களும் தொழில்துறைத் தலைவர்களும் ஆலோசனை சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆய்வுக்கு ரத்தம் கொடுப்பவர், ஆய்வில் பிறந்த இயந்திரத்தைக் கையாள்பவர், அதன் பயனுக்காகக் காத்திருக்கும் நோயாளி ஆகியோருக்கும் சொல்ல ஏதோ இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் புறப்பட்டோம்.

இந்த நம்பிக்கை நமக்குப் புதிதும் இல்லை. 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட உயிரியல் அறநெறி ஆலோசனைக் குழு, பல வகை உயிரணுக்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல் பற்றிய ஆய்வு போன்ற சிக்கலான விஷயங்களில் சமய அமைப்புகளிடமும் கருத்துக் கேட்டிருக்கிறது. நீரிழிவுக்கு எதிரான போரில் 2017 இறுதியில் சுகாதார அமைச்சு 76 சாதாரண மக்களை ஒன்றுகூட்டிப் பரிந்துரைகள் கேட்டது. அந்த முயற்சிகளை முன்னெடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி உரியது. வழி இருக்கிறது என்று தெரிந்ததால்தான் எங்களுக்கும் துணிவு வந்தது.

துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் கூடிய மூத்தோரே, உங்களுக்குத்தான் முதல் வணக்கம். "நாங்கள் என்ன படித்தவர்களா, எங்களிடம் போய் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்கிறீர்களே" என்று தயங்கியபடி வந்து உட்கார்ந்தீர்கள். அரை மணி நேரத்தில் அறையில் குரல் ஓயவில்லை. முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் சொன்னதை இங்கே அப்படியே பதிகிறேன்: "என்னிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். நாலு பேருக்கு நல்லது என்றார்கள், கொடுத்தேன். அதை வைத்து என்ன கண்டுபிடித்தார்கள் என்று மட்டும் இதுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை." அவர் கோபமாகச் சொல்லவில்லை. மருந்து டப்பாவை மூடிக்கொண்டே, பக்கத்து வீட்டுச் செய்தி போலச் சொன்னார். எதிரே அமர்ந்திருந்த இளம் ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வில் பங்கெடுத்தவருக்கு அதன் முடிவை, அவர் படிக்கும் மொழியில், இரண்டு பக்கத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் அறிக்கையின் முதல் பரிந்துரை. அதை எழுதியது அந்த அம்மாதான் என்று நான் கருதுகிறேன்.

அடுத்த கேள்வியும் அந்த அம்மாவிடமிருந்தே வந்தது. தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறார், ஒருவேளைச் சாப்பாடுதான், நீரிழிவு மாத்திரையை எப்படிப் பிரித்துப் போடுவது? பக்கத்தில் இருந்த, ஓய்வுபெற்ற ஆசிரியரான தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர், நோன்பு மாதத்தில் தமக்கு மருத்துவர் மாத்திரை வேளைகளை மாற்றிக் கொடுத்த விதத்தை விளக்கினார். ரமலான் நோன்புக்கும் நீரிழிவுக்கும் உலக அளவில் மருத்துவ வழிகாட்டிகளே இருக்கின்றன. பல நாள் நீளும் கோயில் விரதத்துக்கும் அப்படி ஒரு தெளிவு வேண்டும் என்று இருவரும் சேர்ந்தே கேட்டார்கள். சிங்கப்பூரில் நீரிழிவு அதிகமாகத் தாக்கும் சமூகங்களில் இந்தியச் சமூகமும் ஒன்று. அந்தச் சமூகத்தின் சமையலறையிலும் பூசை அறையிலும் நடப்பது தெரியாமல் மருந்தை மட்டும் ஆராய்ந்தால் பாதிக் கிணறுதான் தாண்ட முடியும். ஐயா, அம்மா, உங்கள் இருவருக்கும் என் தனிப்பட்ட நன்றி. அந்தப் பேச்சைக் கேட்ட மருத்துவர் ஒருவர் இதை ஓர் ஆய்வுக் கேள்வியாக வடிவமைக்க முன்வந்திருக்கிறார். வடிவமைக்கும்போதே உங்களைக் கலந்துகொள்வதாகவும் சொல்லியிருக்கிறார்.

அன்று பேச்சை நடத்திக் கொடுத்த பலதுறை மருந்தகத் தாதிக்கு எப்படி நன்றி சொல்வது? இரவுப் பணி முடித்த கணவருக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, தம் விடுமுறை நாளில் வந்தவர். பேசாமல் இருந்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, "நீங்கள் சொல்லுங்கள் பெரியம்மா" என்று பேச வைத்தார். நான் நடத்தியிருந்தால் அந்தக் கூட்டத்தில் பேசத் தெரிந்தவர்கள் மட்டுமே பேசியிருப்பார்கள்.

அடுத்து, தங்கும் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுக்கொடுத்து வந்த தம்பிகள். கருத்துக் கேட்கும் பட்டியல்களில் உங்கள் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. குடிமக்கள் இல்லையே என்பது காரணமாகச் சொல்லப்படலாம். ஆனால் இந்த நகரின் வெப்பத்தை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். 2023 அக்டோபரிலிருந்து மனிதவள அமைச்சின் விதி இருக்கிறது: வெயில், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32 டிகிரியைத் தொட்டால், கடும் உடலுழைப்பு வேலையில் இருப்பவர்களுக்கு மணிக்கொருமுறை குறைந்தது 10 நிமிட ஓய்வு. நல்ல விதி. அது வந்ததில் உங்களுக்கும் மகிழ்ச்சி என்றுதான் சொன்னீர்கள்.

அப்புறம் கம்பி கட்டும் வேலையில் இருக்கும் புதுக்கோட்டைத் தம்பி எழுந்தார். "அக்கா, வேலை நேரத்துச் சூட்டை அளக்கிறார்கள், சரி. ராத்திரி ரூமில் தூங்கும்போது இருக்கும் சூட்டை யார் அளப்பது? தூங்காதவனுக்குக் காலை எட்டு மணி வெயிலே மத்தியான வெயில்தான்." அவர் வெயிலில் கம்பியைத் தொடும் விதத்தையும் காட்டினார்: முதலில் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்த்து, பிறகு கையுறையோடு பிடிக்கிறார். கையுறை இருந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. வெப்பத்தைப் பற்றி ஆராயும் ஒருவர் அன்று அங்கே இருந்தார். வேலையிடத்தையும் படுக்கையறையையும் சேர்த்து இருபத்து நான்கு மணி நேரமும் அளந்தால்தான் உடல் எப்போது மீள்கிறது என்பது தெரியும் என்று அவர் அறையிலேயே ஒப்புக்கொண்டார். தம்பி, உங்கள் கேள்வி அறிக்கையில் உங்கள் சொற்களிலேயே இருக்கிறது. கூட்டத்துக்கு இடம் கொடுத்து, மின்விசிறிகளையும் ஏற்பாடு செய்து தந்த விடுதி மேற்பார்வையாளருக்கும் நன்றி.

சிராங்கூன் சாலைக் கடைக்காரர்கள் வியாபார நேரத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தீர்கள். ஐந்தாண்டு ஆய்வுத் திட்டத்தின் பெயரில் தொழில்முனைப்பும் இருக்கிறது. மசாலா அரைக்கும் சிறு ஆலைக்கும் அந்தக் கதவு திறக்குமா, யாரிடம் கேட்பது என்பதே தெரியவில்லை என்றீர்கள். சுருக்கமாகச் சொன்னீர்கள், அப்படியே எழுதிவிட்டோம்.

ஆய்வாளர்களே, உங்களை நினைத்தால் மனம் நிறைகிறது. படவில்லைகள் இல்லாமல் வாருங்கள் என்று கேட்டோம், வந்தீர்கள். மக்கள் ஏன் ஆய்வுக்கு உடன்பட வேண்டும் என்று ஒருவர் கேட்டபோது, உங்களில் ஒருவர் கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்தின் கதையைச் சொன்னீர்கள். குறிப்பிட்ட ஒரு மரபணு வகை இருப்பவர்களுக்கு அந்த மருந்து தோலை உரித்துவிடும் கொடிய ஒவ்வாமையைத் தரக்கூடும். அந்த வகை ஆசிய மக்கள் சிலரிடம் அதிகம். அதனால்தான் 2013 முதல் சிங்கப்பூரில் அந்த மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் ஆசிய வம்சாவளியினருக்கு மரபணுச் சோதனை செய்யச் சொல்கிறார்கள். ஐரோப்பியர்களை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது நமக்குத் தெரிந்திருக்காது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என 100,000 பேரின் மரபணு விவரங்களைத் திரட்டிய தேசிய முயற்சி எதற்காக என்பது அந்த ஒரு கதையில் எல்லாருக்கும் விளங்கியது. சற்று முன்பு வரை சந்தேகத்தோடு இருந்தவர்களே, அத்தகைய ஆய்வில் எப்படிச் சேர்வது என்று விசாரித்தார்கள்.

எங்களோடு உடன்படாமல் கடைசி வரை வாதாடிய ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயாவுக்கு என் நன்றியை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். எதை ஆராய்வது என்று பொதுமக்களைக் கேட்டால், உடனே பயன் தருவதற்கு மட்டுமே கை தூக்குவார்கள் என்பது உங்கள் கவலை. உயிர்வேதியியலாளர் கத்தலின் கரிக்கோவை எடுத்துக்காட்டினீர்கள். புரதம் செய்வதற்கான குறிப்பை உயிரணுவுக்குள் கொண்டுசெல்லும் எம்ஆர்என்ஏ என்ற மூலக்கூறு பற்றிய ஆய்வுக்கு நிதி கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் தடுமாறியவர். சக ஆய்வாளர் ட்ரூ வைஸ்மனுடன் சேர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வு அப்போது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. பின்னர் கோவிட் தடுப்பூசிகளுக்கு அடிப்படையாகி, 2023இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வை ஒரு சமூக மன்றத்தில் வாக்குக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டீர்கள். அறையில் பதில் இல்லை. அதன் பிறகு அறிக்கையில் ஒரு பத்தி சேர்ந்தது: அறிவியலாளர்களின் ஆர்வத்தில் பிறக்கும் அடிப்படை ஆய்வுக்குத் தனிப் பங்கு இருக்கட்டும், அதை எவரும் வாக்கெடுப்பில் தொட வேண்டாம். மக்கள் வாழ்க்கையை நேரடியாகத் தொடும் ஆய்வுகளில் மட்டும் தொடக்கத்திலேயே மக்கள் இருக்கட்டும். இந்தப் பிரிவினையை நான் இப்போது முழுமனதாக நம்புகிறேன். அதற்குக் காரணம் நீங்கள்தான் ஐயா.

விளக்கத் தாள்களை எழுதிக் கொடுத்த தமிழாசிரியர்களுக்கு நன்றி. படித்துப் பார்த்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், "இது பேப்பரில் வரும் செய்தி மாதிரி இருக்கிறது, புரிகிறது" என்றார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எங்களுக்குத் தெரியாது.

குறிப்பெடுத்த பல்கலைக்கழக மாணவர்களே, மற்றவர்கள் தேநீர் குடிக்கும்போதும் நீங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள். பேசியவர் சொன்னதைத் திருத்தி அழகுபடுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்; ஒரு சொல் மாறவில்லை. செயற்கை நுண்ணறிவு பற்றிய அமர்வை முழுவதும் நடத்தியதும் நீங்களே. தேசியச் செயற்கை நுண்ணறிவுத் திட்டமான ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிய 'சீ லயன்' என்ற மொழி மாதிரி, அதாவது நம் மொழியைப் படித்துப் பதில் எழுதும் மென்பொருள், அறியும் மொழிகளில் தமிழும் ஒன்று என்று நீங்கள் சொன்னபோது பெரியவர்கள் முகம் மலர்ந்தது. மறுகணமே ஒரு தாத்தா, "மலாய்ச் சொல் கலந்து நாங்கள் பேசும் தமிழ் அதற்குப் புரியுமா?" என்று கேட்டார். இத்தகைய கருவிகளைச் சோதிக்கும்போது அடுக்குமாடி புளோக்கின் கீழே பேசும் தமிழையும், பல் இல்லாதவரின் உச்சரிப்பையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிய பரிந்துரை, அறிக்கையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

எங்கள் அறிக்கைக்குச் செவிகொடுத்த அதிகாரிகளுக்கும் நன்றி. வாக்குறுதி எதுவும் தராமல், எந்தப் பரிந்துரை எந்தத் துறைக்குப் போகும் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னீர்கள். எங்களுக்கு அதுவே தேவைப்பட்டது. ஏற்க முடியாதவை எவை, ஏன் என்பதையும் ஒருநாள் எழுதி அனுப்பினால், பேசியவர்களிடம் அதைத் தமிழில் கொண்டுசேர்க்க நாங்கள் காத்திருக்கிறோம்.

அறிக்கையின் தமிழ்ப் படிகளைக் கூட்டங்கள் நடந்த இடங்களிலேயே வைத்திருக்கிறோம். பேசிய ஒவ்வொருவரும் தயவுசெய்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தாலோ பொருள் மாறியிருந்தாலோ அங்குள்ள தொண்டூழியரிடம் சொல்லுங்கள். பின்னிணைப்பாகச் சேர்த்து அனுப்புகிறோம்.

நன்றியுடன்,
தமிழ்க் கலந்துரையாடல்களை ஒருங்கிணைத்த குழுவின் சார்பில் தொண்டூழியர் ஒருவர்
சிங்கப்பூர்