சினை மீனை விட்டுவிடுங்கள்: ஒயிட் ரிவருக்கு வரும் தமிழ்த் தூண்டில்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பென்டன்வில், டாலஸ், மெம்ஃபிஸ் என்று பல ஊர்களிலிருந்து அக்டோபர் பிறந்ததும் ஆர்க்கன்சாவின் ஒயிட் ரிவருக்கு வண்டியைக் கிளப்பிவிடுகிறீர்கள். உங்களில் சிலரை எனக்கு முகத்தளவில் தெரியும். காட்டர் ஊரின் பழைய வளைவுப் பாலத்துக்குக் கீழே படகு இறக்கும்போது தமிழ்க் குரல் காதில் விழுந்து திரும்பிப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு முன்னால் இந்த ஆற்றில் ஃப்ளை ராடோடு (செயற்கைப் பூச்சி கட்டி எறியும் தூண்டில் கம்பு) நின்ற தமிழன் நான் அறிந்தவரை நான் ஒருவன்தான்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. முட்டையிடக் குழி பறித்து, அதன் மேல் நிற்கும் பழுப்பு ட்ரவுட் (brown trout) என்ற குளிர்நீர் மீனுக்குத் தூண்டில் போடாதீர்கள். அந்தச் சரளையை மிதிக்கவும் மிதிக்காதீர்கள்.

போன நவம்பரில் ஒரு காலை. ஆற்றின் மேல் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. முழங்கால் தண்ணீரில் நாலு பேர் வரிசையாக நின்று ஒரே இடத்தைப் பார்த்து மாற்றி மாற்றி எறிந்துகொண்டிருந்தார்கள். பேச்சு தமிழ். அருகில் போய்ப் பார்த்தால், அவர்களுக்கு இருபது அடி தள்ளி ஒரு பெண் மீன், இரண்டு அடிக்குக் குறையாது, பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கல்லை அடித்துக்கொண்டிருக்கிறது. பின்னால் தாடை வளைந்த ஆண் மீன் ஒன்று காவல் நிற்கிறது. "தம்பி, அது முட்டை போடுற மீன், விட்டுடுங்கப்பா" என்றேன். அவர்களில் சின்னவர், மரியாதையாகத்தான், "அண்ணா, இவ்வளவு பெரிய மீன் கண்ணு முன்னாடியே நிக்குதுண்ணா. விட்டுட்டு எப்படிப் போறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்த மடல்தான் பதில்.

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். இப்படி ஒரு சரளைத் திட்டில் அரை மணி நேரம் எறிந்து ஒரு பெண் மீனைப் பிடித்தேன். 26 அங்குலம். படம் எடுக்க வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கியபோது, உள்ளங்கையில் இளஞ்சூடு இல்லாத ஏதோ ஒன்று வழிந்தது. பார்த்தால் முட்டைகள். பட்டாணியைவிடச் சிறியவை, ஆரஞ்சு நிறம், கண்ணாடி மணி போல. விரலிடுக்கில் வழிந்து தண்ணீரில் விழுந்து ஓட்டத்தோடு போய்விட்டன. சினை மாட்டை அடிக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த வீட்டிலிருந்து வந்தவன் நான். அந்தப் படத்தை இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை.

முட்டையிட நிற்கும் மீன் பசிக்காகக் கடிப்பதில்லை. முகத்துக்கு நேரே திரும்பத் திரும்ப வந்து தொந்தரவு செய்யும் ஒன்றைத் துரத்தத்தான் வாயைத் திறக்கிறது. பல நேரம் அதுகூட இல்லை. முள் விலாவிலோ துடுப்பிலோ மாட்டுகிறது. அதை மீன் பிடித்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஆற்றில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். ஒயிட் ரிவர் ஒரு காலத்தில் வெதுவெதுப்பான ஆறு. ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்குப் பேர்போனது. 1951இல் ராணுவப் பொறியாளர் படை புல் ஷோல்ஸ் அணையைக் கட்டி முடித்தது. அடுத்த வருடம் ஜூலையில் அதிபர் ட்ரூமன் வந்து அர்ப்பணித்தார். ஏரியின் ஆழத்திலிருந்து டர்பைன் வழியே வரும் தண்ணீர் கோடையிலும் சில்லென்று இருக்கும். அந்தக் குளிரில் பழைய மீன்கள் தாக்குப்பிடிக்கவில்லை. அதற்கு ஈடாகத்தான் ட்ரவுட்டை விட்டார்கள். பக்கத்துக் கிளையாற்றில் இருக்கும் நார்ஃபோர்க் அணையடியில் 1957இல் மத்திய அரசின் மீன் பண்ணையே வந்தது.

ரெயின்போ ட்ரவுட் இன்றும் பெரும்பாலும் பண்ணையிலிருந்து லாரியில்தான் வருகிறது. குறைந்தால் இன்னொரு லாரி வரும். பழுப்பு ட்ரவுட் அப்படி இல்லை. அது ஐரோப்பிய மீன்தான். 1880களில் ஜெர்மனியிலிருந்து முட்டையாக அமெரிக்காவுக்கு வந்தது. ஆனால் அணையால் உருமாறிப்போன இந்த ஆற்றை அது தன் ஊராக ஏற்றுக்கொண்டு, இங்கேயே முட்டையிட்டு, இங்கேயே பெருகுகிறது. 1988இல் நார்ஃபோர்க் அணைக்குக் கீழே 38 பவுண்டுக்கு மேல் ஒன்று கிடைத்தது. 1992இல் பக்கத்து லிட்டில் ரெட் ஆற்றில், அதுவும் அணைக்குக் கீழேதான், 40 பவுண்டு 4 அவுன்ஸ். கிலோவில் 18க்கு மேல். 2009 வரை உலக சாதனை அதுதான். நாம் இத்தனை மைல் வண்டி ஓட்டி வருவது இந்த மீன்களை நினைத்துத்தானே? அவை எல்லாம் எப்போதோ ஒரு சரளைக் குழியில் தொடங்கியவை.

அந்தக் குழியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வது ரொம்பச் சுலபம். போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு ஆழமில்லாத, ஓட்டம் சீரான இடங்களைப் பாருங்கள். ஆற்றடிக் கல்லெல்லாம் பாசி படிந்து மங்கிக் கிடக்கும். நடுவே பாதிப் பாய் அளவுக்கு ஓரிடம் மட்டும் துலக்கிய பாத்திரம் மாதிரி வெளுத்துத் தெரியும். மேல்பக்கம் சிறு பள்ளம், அதற்குக் கீழ்ப்பக்கம், நீர் போகும் திசையில், சின்ன மேடு. கவனியுங்கள்: முட்டை இருப்பது பள்ளத்தில் இல்லை, மேட்டில். பெண் மீன் பள்ளத்தில் முட்டையிட்டதும் கொஞ்சம் மேலே நகர்ந்து மறுபடி பறிக்கும். அந்தச் சரளை வந்து முட்டையை மூடும். விவரம் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் பள்ளத்தை ஜாக்கிரதையாகத் தாண்டி, காலை மேட்டில் வைக்கிறார்கள். ஒரு பூட்ஸ் தடத்துக்கடியில் எத்தனை முட்டை நசுங்கும் என்று எண்ணிப் பார்க்க முடியாது. அதனால் பக்கத்திலேயே போக வேண்டாம்.

மீன் போன பிறகும் அந்த இடம் காலி இல்லை. அணை நீரின் குளிரில் முட்டை பொரிய ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆகும். பொரிந்த குஞ்சும் உடனே மேலே வராது. வயிற்றில் மஞ்சள்கரு நிறைந்த பையைச் சுமந்துகொண்டு இன்னும் சில வாரம் கல்லிடுக்கில்தான் இருக்கும். நவம்பரில் பார்த்த வெளுத்த இடத்தில் ஜனவரிக்குள் பாசி படிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உள்ளே உயிர் இருக்கும். இடத்தை மனதில் குறித்துவைத்து பிப்ரவரி முடியும்வரை சுற்றிப் போங்கள்.

இலையுதிர் காலத்தில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. கோடை வெயில் தணிந்து ஏசி ஓடுவது குறைந்தால் மின்சாரத் தேவை குறையும். டர்பைன் ஓடுவதும் குறையும். ஏரி நிரம்பி வழியாத வருடங்களில் அக்டோபர், நவம்பரில் பல நாள் ஆறு இறங்கியே கிடக்கும். புல் ஷோல்ஸ் அணையின் எட்டு டர்பைனும் ஓடினால் விநாடிக்கு 20 ஆயிரம் கன அடிக்கு மேல் வரும் ஆறு, எல்லாம் நின்றால் ஆயிரம் கன அடிக்கும் கீழே போய்விடும். முன்பெல்லாம் இன்னும் மோசம், சரளையே காய்ந்துபோகும். நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகுதான் குறைந்தபட்ச நீரோட்டம் என்ற ஏற்பாடு வந்தது. இருந்தாலும் மீன் முட்டையிடும் அதே வாரங்களில், அதே திட்டுகளில், நாம் இறங்கி நடக்க வசதியாக ஆறு வழிவிட்டு நிற்கிறது. வசதியாக இருக்கிறதே என்று இறங்கிவிடுகிறோம்.

அப்புறம் ஆக்சிஜன். இதைப் பலரும் கவனிப்பதில்லை. கோடை முழுக்க ஏரியில் மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும். அடியில் மக்கும் பொருள்கள் அங்குள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். அந்த அடிநீரைத்தான் டர்பைன் இழுக்கிறது. ஆகவே செப்டம்பரிலிருந்து டிசம்பர்வரை அணைக்கு அருகில் வரும் நீரில் ஆக்சிஜன் குறைவு. டர்பைனுக்குள் காற்றைச் செலுத்தி ஈடுகட்டப் பார்க்கிறார்கள், முழுக்க முடிவதில்லை. முட்டையிட்டு இளைத்த மீன், மூச்சுத் திணறும் நீர், பத்து நிமிட இழுபறி, அதன்மேல் ஒரு நிமிடம் காற்றில் தூக்கிப் பிடித்துப் படம். விட்டவுடன் நீந்திப் போவதைப் பார்த்து நாம் கை தட்டுகிறோம். அது ஆழத்தில் போய் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியாது. அந்த மாதங்களில் மெல்லிய தங்கூசி நரம்பு வேண்டாம், தடித்ததைக் கட்டி இழுபறியைச் சீக்கிரம் முடியுங்கள். கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கிவிடுங்கள். மீனைக் கைவலையில், தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள்.

பெரிய மீனே பிடிக்காதே என்று நான் சொல்லவில்லை. முட்டையிடப் போகும் முன், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை, பழுப்பு ட்ரவுட் வெறிகொண்டு தின்னும். நாலைந்து டர்பைன் ஓடி ஆறு பெருகி வரும் நாளில் படகில் போங்கள். எட்டு வெயிட் ராடு (பெரிய மீனுக்கான கனத்த கம்பு), மூழ்கும் லைன், அதன் நுனியில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு ஸ்ட்ரீமர் (சின்ன மீன் போலக் கட்டிய செயற்கை இரை), மஞ்சளோ பாசிப்பச்சையோ. கரையோரம் சாய்ந்து கிடக்கும் சிக்கமோர் மரத்தடியில், வேருக்கு ஒரு சாண் பக்கத்தில் விழும்படி எறிந்து, கையால் லைனை வெடுக் வெடுக்கென்று இழுங்கள். கை வலிக்கும். நாள் முழுக்க ஒன்றுமே வராமல் போகும். அப்புறம் ஒரு கணம், மரநிழலிலிருந்து வாழைத்தண்டு பருமனில் பொன்னிறமாக ஒன்று புரண்டு வரும். அப்போது ராடைத் தூக்காதீர்கள். தூக்கினால் ஸ்ட்ரீமர் அதன் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். லைனை இழுக்கும் கையாலேயே இன்னும் பலமாக ஓர் இழுப்பு. அப்படி வரும் மீன் தானாக விரும்பி வந்தது. சின்னத் தம்பியிடம் அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்: கண் முன்னால் நிற்கும் மீனைவிட, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வரும் மீன் பெரிது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிடுகிறேன். இறங்கி நடப்பவர்கள் அன்றைய டர்பைன் அட்டவணையைப் பார்க்காமல் போகாதீர்கள். இந்த அணைகளின் மின்சாரத்தை விற்கும் மத்திய அரசு அமைப்பான சவுத்வெஸ்டர்ன் பவர் அட்மினிஸ்ட்ரேஷன் மறுநாள் நிலவரத்தை மணிக்கணக்கோடு வெளியிடுகிறது. ஆனால் அது மாறலாம். அணையடியில் சங்கு ஊதுவது ஆற்றில் வெகு தூரம் கீழே ரிம் ஷோல்ஸில் நிற்பவருக்குக் கேட்காது. இறங்கியதும் விளிம்பில் பாதி நனைந்த ஒரு கல்லைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் மறைந்தால், அல்லது சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தால், மீன் மாட்டியிருந்தாலும் அறுத்துவிட்டுக் கரையேறுங்கள்.

"சட்டப்படி தப்பில்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. புல் ஷோல்ஸ் அணையடியில் மாநிலப் பூங்கா எல்லைவரை நவம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை தனி விதிகள் உள்ளன, அந்த வருடக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மீன் அந்த எல்லைக்குள் மட்டும் முட்டையிடுவதில்லை. கீழே மைல் கணக்கில் ஒவ்வொரு திட்டிலும் குழி பறிக்கிறது. அங்கே விதி இல்லையென்றால் நம் மனசுதான் விதி. நம் ஊரில் கிழக்குக் கடற்கரை முழுக்க ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போவதில்லை, மீன் இனம் பெருகட்டும் என்று. மீனை நம்பியே அடுப்பெரியும் குடும்பங்கள் அந்த இரண்டு மாதத்தைத் தாங்கிக்கொள்கின்றன. நாம் வாரக் கடைசியில் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள். ஒரு சரளைத் திட்டை விட்டுக்கொடுக்க நமக்கு என்ன குறைந்துவிடும்?

பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை தூண்டில் இல்லாமல் வாருங்கள். தண்ணீர் குறைவாக இருக்கும் காலையில் கரையோரம் குந்தி உட்கார்ந்து, கல்லுக்கும் புல்லுக்கும் நடுவே அசையாத நீரைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு அங்குலம்கூட இல்லாத நிழல்கள், விலாவில் புள்ளி வரிசையோடு, ஓட்டத்தை எதிர்த்து நிற்பது தெரியும். அந்தத் தம்பி வந்தால் அவரையும் அழைத்துப் போய்க் காட்டுகிறேன். நான் காட்டர் பாலத்தடியில் காலை எட்டு மணிக்கு இருப்பேன், ஃபில்டர் காபி என் பொறுப்பு.

அன்புடன்,
பென்டன்வில்லிலிருந்து உங்களில் ஒருவன்