வைட்டமின் டி பொட்டலமும் புராஸ்டேட் புற்றுநோயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பியான புராஸ்டேட்டில் வரும் புற்றுநோய்க்கும் வைட்டமின் டி குறைபாட்டுக்கும் தொடர்பிருக்கலாம் என்ற கருதுகோளை 1990-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கேரி ஷ்வார்ட்ஸும் பார்பரா ஹல்காவும் முன்வைத்தனர். முதுமை, கறுத்த தோல், வெயில் குறைந்த வடநிலங்கள் என இந்நோய் மிகுந்து காணப்பட்ட மூன்று நிலைகளிலும் உடலில் வைட்டமின் டி குறைவது இயல்பு என்பதை இணைத்துப் பார்த்தது, என் பார்வையில், மிகக் கூர்மையான ஊகம். ஆயினும் அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான 'வைட்டல்' ஆய்வில், நாள்தோறும் 2,000 யூனிட் உட்கொண்ட ஆண்களுக்கு இப்புற்றுநோய் வரும் வாய்ப்பு குறையவில்லை.

இதை எழுதக் காரணம் உண்டு. மண்டபம், பாம்பன் பகுதிகளில் 60,000 யூனிட் வைட்டமின் டி தூள் பொட்டலத்தை மருத்துவர் சீட்டின்றி வாங்கி, வாரம் ஒன்று என்ற கணக்கையும் மறந்து, தினமும் பாலில் கலக்கிக் குடிக்கும் முதியவர்களைக் காண்கிறேன். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகம் பழுதாகும். (கரையில் வெற்றுடம்போடு வலை பிரிப்பவருக்கு வெயிலுக்கா பஞ்சம்? வீட்டோடு முடங்கியவர் நிலை வேறு. அவருக்கு இரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவரே தரட்டும்.)

புராஸ்டேட் கோளாறின் அறிகுறியாக இருக்கக்கூடிய, இரவில் பலமுறை எழுந்தும் சிறுநீர் சரியாகப் பிரியாத தொல்லையை வெட்கத்தால் மறைப்போர் இங்கு ஏராளம். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும்போதே இதையும் விசாரித்து, தேவைப்படுவோரை மருத்துவமனைக்கு அனுப்ப மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மண்டபம்